ஜெப எண்ணெய்க் குப்பி

வானகரத்தில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் ஒவ்வோர் அறைக் கூரையிலும் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு வெள்ளை வட்டம் உண்டு. புகை பட்டால் அது கூவும். கதவின் பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில் பீடி, சிகரெட், ஊதுவத்தி, கொசுவத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது, மீறினால் அபராதம் என்று எழுதியிருந்தது. அந்தத் தாளைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் வீட்டுக்காரருக்கு வாயை இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்க முடியாது. அவர் எங்கே பீடி பிடிக்க?

என் வீட்டுக்காரர் பெயர் கிறிஸ்துதாஸ். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் பால் வெட்டினவர். விடியும் முன்னே நானூறு மரம். வெட்டுக்கத்தி ஒரு கையில் இருந்தால் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். சாராயம் தொட்டதில்லை. எங்கள் சபையில் கமிட்டி மெம்பர். ஊர்ச் சந்தியில் இருந்த கள்ளுக்கடையைப் பூட்ட வைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் புகையிலையை யாரும் பாவமாக எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை. அது புற்றாக நாக்கைப் பிடித்துவிட்டது.

நாகர்கோவிலில் நாக்கில் பாதியை எடுத்தார்கள். பிறகு முப்பத்து மூன்று தடவை ரேடியேஷன் கதிர் வைக்க வேண்டும் என்றார்கள். ஊர்ப்பக்கம் மெஷினுக்கு வரிசை நீளம். குவைத்தில் வெல்டராக இருக்கும் எங்கள் மகன் ஜெர்வின் யாரையெல்லாமோ விசாரித்து வானகரம் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினான். பக்கத்திலேயே ஏசி அறையும் போட்டுக்கொடுத்தான். கழுத்துத் தோல் கதிர் பட்டு வெந்துபோகும், குளிர்ச்சி வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். பத்துத் தடவை முடிவதற்குள் அவர் கழுத்து, முந்திரி ஆலையில் என் கை இருந்ததுபோல ஆகிவிட்டது. நான் இருபத்திரண்டு வருஷம் முந்திரித் தோடு உடைத்தவள். தோட்டுப்பால் பட்டால் தோல் எப்படிக் கறுத்து உரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கை மட்டும். அவருக்கு வாய்க்குள்ளும் அப்படியே.

பன்னிரண்டாவது தடவைக்குப் பிறகு கஞ்சித்தண்ணியும் இறங்கவில்லை. வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் வாந்தி. தூக்கம் போயிற்று. "போதும்ட்டி, ஊருக்குப் போவம்," என்று தினமும் ஒரு தடவை சொல்ல ஆரம்பித்தார். கதிர் வைக்கிற டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, நடுவில் நிறுத்தினால் இதுவரை வைத்ததும் வீண் என்றார்.

அந்த நேரத்தில்தான் அம்பத்தூரில் இருக்கும் ஆயுர்வேத டாக்டர் வனஜாவைப் பற்றி ஆஸ்பத்திரி வரிசையில் ஒருத்தி சொன்னாள். போனோம். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"இது கஞ்சா இலையில இருந்து லைசன்ஸோட செய்யற மருந்தும்மா. எங்க வைத்தியத்துல விஜயான்னு பேரு. புத்து போயிடும்னு நெனைக்காதீங்க. தூங்க வைக்கும். பசி வரும். வலி கொஞ்சம் தள்ளி நிக்கும். அவ்ளோதான். கதிர் டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்."

கதிர் டாக்டர் அளவைக் கேட்டு ஃபைலில் எழுதிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரியரில் வந்தது, ஒரு சின்னப் பழுப்புக் குப்பி. தேங்காய் எண்ணெயில் கலந்த மருந்து. மத்தியானம் ஆறு சொட்டு, ராத்திரி ஆறு சொட்டு, கன்னத்தின் உட்புறம்.

இரண்டாம் நாள் அவர் விடியும்வரை தூங்கினார். மூன்றாம் நாள் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். அந்த அரை டம்ளரை நான் எப்படிச் சொல்ல? நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் கஞ்சிக்கே சொன்னேன்.

இரண்டு சங்கடம்தான் இருந்தது. ஒன்று, ஏசிக் குளிரில் அந்த எண்ணெய் உறைந்து கட்டியாகிவிடும். கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குப்பியை அதில் இறக்கி உருக்குவேன். உருகும்போது ஒரு நாற்றம் கிளம்பும். செண்டுப்பூச் செடியையும் கறவைமாட்டுத் தொழுவத்தையும் சேர்த்துக் கசக்கினதுபோல. அறை முழுக்க நிற்கும்.

இன்னொன்று, லேபிள். அதில் ஐந்து விரல் விரித்த இலைப் படம் இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் கஞ்சாவின் பெயர். எங்கள் சபையின் அம்பத்தூர் கிளையில் இருந்து பாஸ்டரும் அவர் மனைவி ரெனிதாவும் ஞாயிறுதோறும் எங்களைப் பார்க்க வருவார்கள். ரெனிதா நல்ல பெண். ஆனால் மேசை மேல் எது இருந்தாலும் கையில் எடுத்துப் படிக்காமல் வைக்க மாட்டாள். கள்ளுக்கடையைப் பூட்டின மெம்பருக்குக் கஞ்சா என்று ஒரு வார்த்தை ஊர்ப்பக்கம் போனால் போதும்.

அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். ஊரில் உபவாச ஜெபத்தில் கொடுத்த ஜெப எண்ணெய்க் குப்பி ஒன்று பையில் இருந்தது. சிலுவையும் புறாவும் போட்ட பிளாஸ்டிக் குப்பி. எண்ணெய் அவர் நெற்றியில் தடவித் தீர்ந்திருந்தது. அதைக் கழுவித் துடைத்து மருந்தை அதில் ஊற்றினேன். சொட்டு எடுக்கும் குழாயை மட்டும் வைத்துக்கொண்டு, பழுப்புக் குப்பியையும் அட்டைப் பெட்டியையும் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நல்லதாப் போச்சு," என்றார். ஞாயிற்றுக்கிழமை ரெனிதா அந்தக் குப்பியை எடுத்துப் படித்தாள், "ஸ்தோத்திரம்" என்று சொல்லித் திரும்ப வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அன்றைக்குப் பத்தொன்பதாவது கதிர், மத்தியானம் மூன்று மணிக்கு. லாட்ஜ் மேனேஜர் மோகன் நின்றான். நாற்பது வயதிருக்கும், எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. மூக்கைச் சுருக்கிக்கொண்டே உள்ளே வந்தான்.

"யம்மா, இன்னா நடக்குது உள்ள? பக்கத்து ரூமுக்காரரு கம்ப்ளைன்ட் பண்ணிட்டாரு. ராத்திரி பூரா கஞ்சா வாசனன்றாரு."

"புகை ஒண்ணும் இல்லியே," என்றேன்.

"அதான் எனக்கும் புரியல. அலாரம் அடிக்கல." கூரையைப் பார்த்தான். "பாத்ரூம்ல குந்திகினு இழுக்கிறாரா?"

"அவரு வாயப் பாரும். கரண்டி போவாத வாயாக்கும். இதுல எதை வச்சு இழுக்கியது?"

அவன் அவரைப் பார்த்தான். அவர் கழுத்தைப் பார்த்து உடனே கண்ணை எடுத்துக்கொண்டான். ஆனால் மூக்கு மேசைப்பக்கம் போயிற்று. கெட்டில் பக்கத்தில் குப்பி நின்றது. எடுத்து மோந்தான்.

"இதாம்மா! இதே வாசனதான். எங்க ஏரியாவுல சந்துக்குச் சந்து அடிக்கும், எனக்குத் தெரியாதா?" குப்பியைத் திருப்பிப் படித்தான். "ஜெப... எண்ணெய்." என்னைப் பார்த்தான். "ஏம்மா, சாமியயும் ஏம்மா இதுல இழுத்து வுடற?"

மருந்து என்றேன். டாக்டர் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது எழுத்தா, எறும்பு போன தடமா? சரி, சீட்டு ஒரு மருந்துக்கு. குப்பியில வேற பேரு கீது. நான் எத நம்பறது?"

டாக்டர் வனஜாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மோகன் விஷயத்தைச் சொன்னான். டாக்டர் நிதானமாகத்தான் பேசினார்.

"சார், அது பர்மிஷன் உள்ள மருந்து. பாட்டில் லேபிள்ல லைசன்ஸ் நம்பரும் பேட்ச் நம்பரும் இருக்கு. என் சீட்டையும் லேபிளையும் சேத்துப் பாருங்க, போதும்."

"லேபிள் இல்ல டாக்டர்," என்றேன்.

"இல்லைன்னா?"

சொன்னேன்.

"ஞானகுமாரி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! சீட்டு என்னுது, அத நான் எங்க வேணா சொல்லுவேன். அந்தப் பிளாஸ்டிக் பாட்டில்ல இருக்கிறது என்னன்னு நான் எப்படிச் சாட்சி சொல்ல? நாளைக்குப் போலீஸ் கேட்டா அவங்களுக்கும் இதே கேள்விதான். புதுசா அனுப்பச் சொன்னா நாலு நாள் ஆகும். முதல்ல பழைய பாட்டிலத் தேடுங்க."

அதற்குள் மோகனின் ஃபோன் அடித்தது. லாட்ஜ் முதலாளி திருவேங்கடம். மோகன் வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"யம்மா, எம்மேல கோவப்படாத. பன்னெண்டு மணிக்குள்ள அத்தாட்சி காட்டணும், இல்ல ரூமக் காலி பண்ணணும்ன்றாரு. ரெண்டும் இல்லன்னா ஸ்டேஷனுக்குச் சொல்லச் சொல்றாரு. போன வருசம் தெரிஞ்சவர் லாட்ஜுக்கு இதே மாதிரி சீல் வச்சாங்க. பன்னெண்டு பேரு வேல போச்சு. எனக்கு ரெண்டு பொண்ணு."

அவனிடம் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? மடத்தனம் என்னுடையது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டிலில் இருந்து இறங்கிவிட்டார். அலமாரியில் இருந்த கைலியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வேகமாக, ஒரு சந்தோஷத்தோடு வைத்ததுபோல எனக்குத் தோன்றியது.

"ஏட்டி, இது கர்த்தரு காட்டிய வழியாக்கும். போவம்."

"பதினெட்டு முடிஞ்சிருக்கு. இன்னும் பதினஞ்சு."

"போதும்ட்டி."

முப்பத்தோரு வருஷம் ஒருநாள்கூட மரத்தைப் பாதியில் விட்டு வராத மனுஷன். அவர் பையை மூடினால் அவர் கதையும் அதோடு மூடியது என்று எனக்குத் தெரிந்தது. பையைப் பிடுங்கி மறுபக்கம் போட்டேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாசலில் ராஜகுமாரி நின்றிருந்தாள். அறைகளைச் சுத்தம் செய்கிறவள். ஆவடியில் இருந்து காலை ரயிலில் வருவாள், அம்பத்தூரில் இறங்கி பஸ் பிடிப்பாள். முட்டியில் வலி, படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"யக்கா, அந்த அட்டப்பொட்டி, பழுப்பு பாட்டிலு ரெண்டும் என்னாண்டதான் வந்துச்சு," என்றாள்.

"எங்க இருக்கு?"

அவள் மோகனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "நேத்து பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட்டுட்டேன்."

லாட்ஜ் குப்பையில் இருந்து எதையும் வெளியே விற்கக்கூடாது என்று அங்கே சட்டம். ஆளை வேலையில் இருந்து எடுத்துவிடுவார்கள். அவள் அதை மேனேஜர் முகத்துக்கு நேரே சொன்னாள். வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தோடு அடுத்த அறைக்குப் போயிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?

மோகன் இடுப்பில் கைவைத்தான். "அடிப்பாவி. கம்பெனி குப்பைய வித்துகினு கீறேன்னு எங்கிட்டயே சொல்றியா?"

"சொன்னாத்தான தேட முடியும்?"

"பதினோரு ரூமு கீது இன்னிக்கி. உங்க அப்பனா வந்து பெருக்குவான்?"

"வந்து பெருக்கறேன் அண்ணாத்தே. ஒரு மணி நேரம் குடு."

மோகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. பன்னெண்டுன்னா பன்னெண்டு."

பைபாஸ் பாலத்துக்குக் கீழே பக்கவாட்டுத் தெருவில் இருந்தது அந்தக் கடை. ராஜகுமாரி முட்டியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். கடை வாசலில் சின்ன வேன் ஒன்று பின்கதவு திறந்து நின்றது. பாதி ஏற்றியாகிவிட்டது. கடைக்காரர் நஜீர் மூட்டையை முதுகில் வாங்கி ஏற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயது, வெள்ளைத் தாடி, பனியன் நனைந்து ஒட்டியிருந்தது.

"நஜீர் பாய், நேத்து நான் போட்ட மூட்ட எங்க?"

"இன்னா ராஜகுமாரி, போட்ட சரக்கத் திருப்பிக் கேக்குற? பழைய பேப்பர் கடையா, துணிக் கடையா இது?"

"வெளையாடாத பாய். அவசரம்."

"அவசரம்னா இன்னும் அவசரம் எனக்கு. பத்தரைக்கு வண்டி போவணும். இன்னா பொருளு?"

ராஜகுமாரி என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதுதான். பத்து நாளாக யாரிடமும் சொல்லாத வார்த்தை. மகனிடம்கூட 'ஆயுர்வேத எண்ணெய்' என்றுதான் சொல்லியிருந்தேன். வாயைத் திறந்தேன், பாலத்து இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திவிட்டேன்.

"கஞ்சா மருந்து!"

டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள்.

"மெதுவா சொல்லும்மா," என்றார் நஜீர். "கடையில கூட்டம் சேந்துடப் போவுது." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "யாருக்கு?"

"எனக்க வீட்டுக்காரருக்கு. நாக்குல புத்து. டாக்டரு தந்ததாக்கும். பெட்டி இல்லன்னா ரூம்ல இருந்து எறக்கி விடுவாங்க. மூணு மணிக்கு ஆஸ்பத்திரியில கதிர் வைக்கணும்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. முதுகில் இருந்த மூட்டையை அப்படியே இறக்கினார். வேனுக்குள் ஏறி, ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். ஒன்பது மூட்டை. வாயைக் கட்டியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்தார்.

கொட்டினதும் எனக்குக் கண்ணிருட்டியது. அந்த வட்டாரம் முழுக்க ஆஸ்பத்திரி. மூட்டைக்கு மூட்டை மருந்துப் பெட்டிதான். நசுக்கின பெட்டி, கிழிந்த பெட்டி, ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று சொருகின பெட்டி. எல்லாம் வெள்ளை, எல்லாவற்றிலும் பொடி எழுத்து.

"எந்தக் கலரு?" என்றார் நஜீர்.

"வெள்ளையும் பச்சையும்."

"பாதி மருந்து வெள்ளையும் பச்சையும்தான்மா."

மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து புரட்டினோம். பத்து நிமிஷம் போயிற்று. இப்படிப் படித்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் ஆகும் என்று எனக்குப் புரிந்தது. முந்திரி ஆலையில் சொத்தைப் பருப்பைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க மாட்டோம், அதற்கு நேரம் கிடையாது. ஒரு முறம் அள்ளி மூக்குக்கு நேரே கொண்டுவந்தால் கெட்டது எதிலிருக்கிறது என்று தெரியும். நான் இரண்டு கையாலும் அட்டைகளை அள்ளி மூக்கில் வைத்தேன். இருமல் மருந்து. டெட்டால். பினாயில். கீழே போட்டு அடுத்ததை அள்ளினேன்.

ராஜகுமாரி சிரித்துவிட்டாள். "யக்கா, இன்னா நாய் மாதிரி மோந்துகினு கீற?"

"நீயும் மோந்து பாரு பிள்ளே. மருந்து ஊத்தினப்ப பெட்டியில சிந்திச்சு."

அவளும் மோந்தாள். நஜீரும் மோந்தார். டீக்கடையில் நின்றவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ. எட்டாவது மூட்டையில் எனக்கு அந்த நாற்றம் வந்தது. செண்டுப்பூவும் தொழுவமும். வாழ்நாளில் எந்த வாசனைக்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அள்ளினதைத் தரையில் பரப்பினோம். தட்டையாக நசுங்கிய பெட்டி. ஓரத்தில் எண்ணெய்க் கறை. இலைப்படம் ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு கிடந்தது. உள்ளே மடித்த தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, நான் பிரித்தே பார்க்காத தாள். பில். நோயாளி பெயர் கிறிஸ்துதாஸ். டாக்டர் பெயர். பேட்ச் நம்பர்.

"குப்பி?" என்றாள் ராஜகுமாரி.

கண்ணாடிக் குப்பிகள் தனி டிரம்மில் இருந்தன. நஜீர் டிரம்மைச் சாய்த்து பழுப்பு நிறத்தை மட்டும் ஒதுக்கினார். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து மோந்தார். ஒன்றில் என்ன இருந்ததோ, தொடர்ந்து நாலு தும்மல் தும்மினார். "அல்லா! இது எலி மருந்தா இன்னா?" என்று அதை எறிந்தார். அடுத்ததை மோந்து, கண்ணை மூடி, இன்னொரு தடவை மோந்தார்.

"இந்தாம்மா."

லேபிள் ஒரு மூலை மட்டும் உரிந்திருந்தது. நம்பர்கள் அப்படியே இருந்தன. நான் குப்பியைப் பிடித்திருந்த அவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொண்டு மூட்டைகளைக் காட்டினார்.

"போ போ. பன்னெண்டு ஆவுது. இத்த மறுபடி நான்தான் கட்டணும். இங்க நின்னு அழுதீன்னா உன்னயும் ஒரு மூட்டயக் கட்டச் சொல்லுவேன்."

லாட்ஜ் வாசலில் மோகன் நின்றுகொண்டிருந்தான். குப்பி, பெட்டி, பில், டாக்டர் சீட்டு நாலையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அவன் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தான். போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினான். அவர் அதே நிமிஷம் கூப்பிட்டு, இதே பேட்ச்தான், நான் எழுதிக்கொடுத்ததுதான் என்றார். என்னையும் ஒரு வாங்கு வாங்கினார். "முதல்ல மருந்த அதோட பாட்டில்லயே ஊத்துங்க." பிறகு மோகன் முதலாளியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், அத்தாட்சி எல்லாம் கீது. டாக்டரே பேசிட்டாங்க."

"புகை?"

"இல்ல சார். சொட்டு மருந்து."

"அலாரம்?"

"அடிக்கல சார். நாத்தம் மட்டும்தான். சொல்லப் போனா கம்ப்ளைன்ட் குடுத்தவர் சாக்ஸு இதவிட நாறுது சார். நேத்து ராஜகுமாரி அந்த ரூமுக்கு ரெண்டு தபா ஸ்பிரே அடிச்சா."

முதலாளி சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வை. இருக்கட்டும். ஆனா வராந்தாவுல வாசன வரக்கூடாது. வேற கஸ்டமர் கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது."

ஃபோனை வைத்ததும் மோகன் ராஜகுமாரி பக்கம் திரும்பினான். "நீ வாராவாரம் திங்கக்கெழம மூட்ட தூக்கினு போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மூணு வருசமாத் தெரியும். போ, பதினோரு ரூமு."

வாசனைக்கு என்ன செய்வது என்று நான் நின்றேன். வெந்நீரில் வைத்தால்தானே நாற்றம். வைக்காவிட்டால் எண்ணெய் உருகாது. ஏசியை நிறுத்தினால் அவர் கழுத்து தாங்காது.

"இதுக்கு இன்னாக்கா யோசன?" என்றாள் ராஜகுமாரி. "மூடிய இறுக்கி இடுப்புல சொருகிக்கோ. அர மணி நேரத்துல தானா உருகிடும். எங்க அம்மா கொழந்த மருந்த அப்பிடித்தான் வச்சிகினு இருப்பா."

அவ்வளவுதான். மருந்தைத் திரும்ப ஊற்றின பழுப்புக் குப்பி அன்றிலிருந்து என் இடுப்பில்தான் இருந்தது. சொட்டு விடும் நேரத்துக்கு மட்டும் திறந்து மூடுவேன். புகார் ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு நான் மேலே போனபோது அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பழுப்புக் குப்பியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையில் இருந்து கைலியை எடுத்து என்னிடம் நீட்டினார், அலமாரியில் வைக்கச் சொல்லி. முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆனாலும் நீட்டினார். எனக்கு அது போதும்.

அவருக்கு மத்தியான மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போனேன். ராஜகுமாரி மெத்தை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்தேன்.

"யக்கா, நீ கஸ்டமர். வுடு."

"எனக்குச் சும்மா இருந்து பழக்கமில்ல. நீ அந்தப் பக்கம் பிடி."

நாலு அறை முடித்தோம். விரிப்பு, தலையணை உறை, குளியலறை. அவள் முட்டியை மடக்கவேண்டிய இடமெல்லாம் நான் குந்தித் தேய்த்தேன். ஐந்தாவது அறையில் மோகன் வந்து பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டான். "முதலாளி பாத்தா என்ன ஆவறது? ரூமுக்கு வந்தவங்க ரூமப் பெருக்கறாங்க!" என்றான். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டரைக்கு நானே கை கழுவிக்கொண்டு அவரை எழுப்பினேன். மூன்று மணிக்குப் பத்தொன்பதாவது கதிர் வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு ரெனிதா வந்தாள். வழக்கம்போல மேசையைப் பார்த்தாள், குப்பியைக் காணோம். நான் இடுப்பில் இருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். படிக்கட்டும் என்று நின்றேன். படித்தாள். இலைப்படத்தை விரலால் தொட்டாள். பாஸ்டர் பக்கம் திரும்பவில்லை. என் காதருகே குனிந்து, "அக்கா, எங்க மாமிக்கு மூட்டுவலி. இதுக்கு அந்த டாக்டர் ஏதாவது எழுதுவாங்களா?" என்று கேட்டாள். ஊர்ப்பக்கம் ஒரு வார்த்தையும் போகவில்லை. போயிருந்தாலும் இப்போது எனக்கு ஒன்றுமில்லை.

முப்பத்து மூன்றாவது கதிர் ஒரு திங்கட்கிழமை முடிந்தது. சாயங்காலம் எழும்பூரில் ரயில். பையைக் கீழே கொண்டுவந்தாயிற்று, ஆட்டோவும் வந்து நின்றது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நாலு நாள் தங்கினால் புறப்படும் முன் அந்த வீட்டுக்காகவும் அங்கே இருக்கிறவர்களுக்காகவும் ஜெபம் பண்ணாமல் இறங்க மாட்டோம். அவர் ரிசப்ஷன் மேசைக்கு முன்னால் நின்று தலைத்துண்டை எடுத்தார். கண்ணை மூடினார்.

மோகனுக்கு என்ன நடக்கிறதென்று புரிந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து கோயிலில் நிற்பதுபோல மார்புக்கு நேரே கைகூப்பினான். ராஜகுமாரி வாளியைக் கீழே வைத்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

அவர் பேச ஆரம்பித்தார். பாதி நாக்கில் ஜெபம். எனக்கு மட்டும்தான் விளங்கும். இந்த இடத்துக்காக நன்றி என்றார். குளிர்ந்த காற்றுக்காக. டாக்டரம்மாவுக்காக. பெயர் சொல்லவே கூசிய இலைக்காக. வேலையைப் பணயம் வைத்து வாய் திறந்த ராஜகுமாரிக்காகவும் அவள் முட்டிக்காகவும். இரண்டு பெண்பிள்ளை உள்ள மோகனுக்காக. வண்டியில் ஏற்றின மூட்டைகளை இறக்கின அந்தக் கடைக்காரருக்காக... அதில் நின்றுவிட்டார். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"அவருக்க பேரு என்னட்டி?"

"நஜீர்," என்றேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து மோகன் சத்தமாக "ஆமென்" என்றான். ராஜகுமாரியும் "ஆமென்" என்றாள். வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் கையை இறக்கவில்லை.